கடனட்டை லிமிட்டைக் கூட்டிக் கேட்பது எப்படி

போன ஆவணியில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் 85,000 ரூபாய் கட்டப் போனேன். கடனட்டையை இரண்டு தரம் போட்டும் ஏறவில்லை. பின்னால் வரிசை வேறு. மச்சானுக்குப் போன் எடுத்துக் காசு போடச் சொல்லித்தான் சமாளித்தேன். லிமிட் 150,000, பாவித்தது வெறும் 12,000, அப்படியென்றால் ஏன்?

வீட்டில் நிற்கிற பிரிட்ஜ்தான் காரணம். இதே கடனட்டையில் 120,000 ரூபாய்க்கு 12 மாதத் தவணையில் எடுத்தது. மாதம் 10,000 தானே போகிறது என்று நாங்கள் நினைப்போம், ஆனால் வங்கி வாங்கிய அன்றைக்கே முழுத் தொகையையும் லிமிட்டில் பிடித்து வைத்துவிட்டு, தவணை கட்டக் கட்டத்தான் விடும். இரண்டு தவணைதான் கட்டியிருந்தேன், ஆக 100,000 பிடிபட்டுக் கிடந்தது, கையில் மிஞ்சியது 38,000.

அதனால் முதல் வேலை, லிமிட் எவ்வளவு என்று பார்ப்பது இல்லை, இன்னும் பாவிக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று ஆப்பிலோ ஸ்டேட்மென்டிலோ பார்ப்பது. சிலவேளை லிமிட்டைக் கூட்டவே தேவையிராது.

அடுத்தது கிறிப். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறோம். நாங்கள் எடுத்த கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் அங்கே பதிவில் இருக்கும், வங்கி அந்தப் பதிவைப் பார்க்காமல் லிமிட்டைக் கூட்டாது. உழவு இயந்திர லீசிங், ஓட்டோ லீசிங் எல்லாம் அதில் நிற்கும், நண்பனுக்குப் பிணை நின்று கையெழுத்து வைத்திருந்தால் அதுவும் நிற்கும் (எங்கள் பக்கம் முகத்துக்காகக் கையெழுத்து வைக்காத ஆள் யார்?). உங்கள் அறிக்கையை நீங்களே காசு கட்டி எடுத்துப் பார்க்கலாம். பிந்திய கட்டணம் ஏதும் கிடந்தால் முதலில் அதைக் கட்டி முடியுங்கள்.

பிறகு கடதாசிகள். அரச உத்தியோகத்தர் என்றால் கடைசி மூன்று மாதச் சம்பளப் பட்டியலும் அடையாள அட்டைப் பிரதியும் பெரும்பாலும் போதும். கடை வைத்திருப்பவர் வியாபாரப் பதிவையும் ஆறு மாத வங்கிக் கூற்றையும் கொண்டுபோக வேண்டும். வயல்காரருக்குத்தான் சிக்கல், போகம் போகமாக வரும் காசை மாத வருமானமாகக் காட்டுவது கஷ்டம். நிலையான வைப்பு இருந்தால் அதை ஈடாக வைத்துக் கேட்டுப் பாருங்கள், சில வங்கிகள் தரும்.

கேட்கும்போது "கொஞ்சம் கூட்டித் தாங்கோ" என்று கவுண்டரில் நின்று சொல்லிவிட்டு வராதீர்கள். எவ்வளவு, எதற்கு, நிரந்தரமாகவா அல்லது இரண்டு மூன்று மாதத்துக்கா என்று கடிதமாகவே எழுதுங்கள், தமிழில் எழுதலாம். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நான் முதல் தரம் வாய்ச்சொல்லில் விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை என்றார்கள், திரும்பவும் புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறினதுதான் மிச்சம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவு, அதற்குப் பிறகு மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். லிமிட் கூடும்வரை அவசரத்துக்கு என்று கடனட்டையைப் போட்டு ஏரிஎம்மில் காசு எடுக்காதீர்கள், அதற்குக் கட்டணமும் உண்டு, எடுத்த அன்றே வட்டியும் ஓடத் தொடங்கிவிடும்.