ஒரே போனில் நாலைந்து கணக்கு: தலை குழம்பாமல் கொண்டுபோவது எப்படி?

சொந்தப் பேஸ்புக் ஒன்று, வீட்டுக் கருவாட்டு வியாபாரத்துக்கு ஒன்று, விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு இன்னொன்று. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ "போன் வடிவாய்த் தெரிஞ்ச பிள்ளை" என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், ஊரின் கணக்கெல்லாம் அந்தத் தலையில்தான் வந்து விழும். அப்படிப் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கே இந்த விளக்கம்.

முதலில் கொப்பி, பிறகுதான் போன்

ஒரு சி.ஆர். கொப்பியில் நாலு நிரல் கீறுங்கள். கணக்கின் பெயர், எந்த நம்பரில் திறந்தது, எந்த ஈமெயில், வேறு யாருக்கு உரிமை இருக்கிறது. பாஸ்வேர்ட் இதில் வேண்டாம். நிரப்பிய ஒரு வரி இப்படி இருக்கும்: "கருவாட்டுப் பேஜ் – அண்ணாவின் 077 நம்பர் – கடை ஜிமெயில் – தங்கச்சி".

இரண்டாவது நிரல்தான் உயிர். எந்தக் கணக்கும் கடைசியில் ஒரு நம்பரிலோ ஈமெயிலிலோ தொங்குகிறது. பாஸ்வேர்ட் மறந்தால் குறியீடு அங்கேதான் வரும். கனநாள் றீலோட் போடாத சிம்மை நிறுவனம் துண்டித்து, அந்த நம்பரைப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் குறியீடு அவருடைய போனுக்குப் போகும். கணக்குக்குள் போக முடியாவிட்டால், ஹக் பண்ணினவனைத் தேட முன்னம் செத்துப்போன சிம்மைத் தேடுங்கள்.

சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தொலைந்த சிம்முக்குப் பதில் எடுக்க அவரே வரவேண்டும். மாமாவின் பெயரில் எடுத்த சிம். மாமா இப்போது கனடாவில் என்றால் சிக்கல் விளங்கும்தானே. ஊர்க் கணக்குகளை உங்கள் பெயரில் பதிந்த, நாளாந்தம் பாவிக்கிற நம்பருக்கு இன்றைக்கே மாற்றுங்கள்.

பேஸ்புக்: கழகத்துக்கு ஏது அடையாள அட்டை?

கனபேர் விடும் பிழை, கழகத்தின் பெயரில் ஓர் ஆளைப்போலச் சொந்தக் கணக்குத் திறப்பது. பேஸ்புக்கின் விதிப்படி ஓர் ஆளுக்கு ஒரு சொந்தக் கணக்குத்தான். ஆள் உண்மையா என்று சந்தேகப்பட்டு அடையாள அட்டை கேட்டால் கழகத்தால் காட்ட முடியாது. நண்பர்கள் 5,000 பேரோடு கதவும் மூடிவிடும். அதோடு ஒரே பாஸ்வேர்ட்டைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றுபேரும் பாவிக்க, ஒருவர் கோபித்துக்கொண்டு மாற்றிவிட்டால் கதை முடிந்தது.

கழகம், கடை, கோயில் போன்றவற்றுக்கென்றே பேஸ்புக் வைத்திருக்கும் பக்கம், அதாவது பேஜ்தான் சரி. உங்கள் சொந்தக் கணக்கில் மூன்று கோட்டு மெனுவைத் திறந்து, பேஜஸ், பிறகு கிரியேட் அழுத்துங்கள். பெயர், வகை, படம் கொடுத்தால் முடிந்தது. உங்கள் சொந்தக் கணக்குப் பெயர் பார்வையாளருக்குத் தெரியாது. அடுத்த வேலையை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்: பேஜின் செற்றிங்ஸில் பேஜ் அக்ஸஸ் பகுதிக்குப் போய், நம்பிக்கையான இன்னொருவருக்கு முழு உரிமை கொடுங்கள். முழு உரிமை இரண்டுபேருக்குப் போதும். படம் போடுகிற தம்பிமாருக்குப் பதிவு போடும் உரிமை மட்டும் காணும்.

இனி எல்லாரையும் ஒருநாள் வெட்கப்படுத்தும் பிழை: அரசியல் பகிடி ஒன்றைச் சொந்தக் கணக்கு என்று நினைத்துக் கோயில் பேஜில் போட்டுவிடுவது. இதற்குக் காரணம் கண். இரண்டு கணக்கிலும் அதே கோபுரப் படம் இருந்தால் சின்ன வட்டத்தில் வித்தியாசம் தெரியாது. பேஜுக்குக் கடும் மஞ்சளோ சிவப்போ பின்னணியாக உள்ள படம் வையுங்கள். போஸ்ட் அழுத்த முன்னம், எழுதும் பெட்டிக்கு மேலே இருக்கும் வட்டத்தையும் பெயரையும் ஒருக்கா பாருங்கள். கருத்து எழுதும்போதும் அதே வட்டம் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்.

வட்ஸ்அப்

அன்ரொயிட் போனில் ஒரே வட்ஸ்அப்புக்குள் இரண்டு நம்பர் வைக்கலாம். 2023இல் வந்த வசதி. செற்றிங்ஸில் உங்கள் பெயருக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி, அட் அக்கவுண்ட் கொடுத்து, இரண்டாவது நம்பருக்கு வரும் குறியீட்டைப் போடுங்கள். கடைக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் நல்லது. சாமான் பட்டியலை விலையோடு போட்டு வைக்கலாம், காசில்லை. ஆனால் ஒரே நம்பர் சாதாரண வட்ஸ்அப்பிலும் பிஸ்னஸிலும் ஒன்றாக ஓடாது. இரண்டாவதில் பதிந்தால் முதலாவது கழன்றுவிடும்.

பிளேஸ்ரோரில் இல்லாத, யாரோ அனுப்பிய "கூடுதல் வசதி" வட்ஸ்அப்புகளைத் தொடாதீர்கள். நம்பரே தடைசெய்யப்படும், உள்ளே என்ன ஓடுகிறது என்றும் தெரியாது. இரண்டு கணக்குக்கும் 6 இலக்க இரகசிய நம்பரை (PIN) தனித்தனியே போட்டுவிடுங்கள்.

மற்றவை இலகு. இன்ஸ்டகிராமில் கீழே வலப்பக்கத்துப் படத்தை அழுத்திப் பிடித்தால் கணக்கு மாறும்; 5 வரை வைக்கலாம். டெலிகிராமில் காசு கட்டாமல் 3. யூடியூப்பில் ஒரே ஜிமெயிலின் கீழ் பல சனல் திறக்கலாம், புது ஈமெயில் தேவையில்லை.

இரண்டாவது பூட்டு

குறுஞ்செய்திக் குறியீட்டை மட்டும் நம்பாமல் கூகுள் ஓதென்ரிகேற்றர் செயலியையும் இணையுங்கள். 30 செக்கனுக்கு ஒருமுறை புது 6 இலக்கம் காட்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்வதால் காட்டுக்கரை ஊர்களுக்கு இதுதான் தோது. இலக்கம் சரியாகப் போட்டும் பிழை என்று வந்தால் போனின் நேரத்தைப் பாருங்கள். தானாக நேரம் எடுக்கும்படி வைத்தால் சரிவரும். போன் தொலைந்தால் பாவிக்கக் கூகுள் கணக்குத் தரும் 10 மாற்றுக் குறியீடுகளையும் கடதாசியில் எழுதி, கொப்பி இல்லாத வேறு இடத்தில் வையுங்கள்.

"உங்கள் பேஜ் 24 மணித்தியாலத்தில் அழிக்கப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று பேஜுக்கு வரும் செய்தி மோசடி. நீல எழுத்து, சின்னம் எல்லாம் அப்படியே இருக்கும். அழுத்தாமல் அழித்துவிடுங்கள்.

எப்போது போடுவது?

மெற்றா பிஸ்னஸ் சூட் செயலியில் பேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டுக்கும் ஒரே பதிவை எழுதி, நேரம் குறித்து வைக்கலாம். வாடிக்கையாளர் வெளிநாட்டில் என்றால் இரவு 8 மணி நல்ல நேரம். அப்போது குளிர்காலத்தில் ரொறன்ரோவில் காலை 9.30, லண்டனில் பிற்பகல் 2.30. கோடையில் இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள்.

அடிக்கடி போகும் தளங்கள்

ஓ.எல்., ஏ.எல். முடிவு வருகிற அன்று கூகுளில் தேடுவது ஆபத்து. போலித் தளமும் வந்து நிற்கும். பரீட்சைத் திணைக்களத்தின் முகவரி டி, ஓ, ஈ, என், ஈ, ரி, எஸ், பிறகு டொட் எல்கே. இப்போதே ஒருமுறை கையால் தட்டித் திறந்து, குரோமில் மூன்று புள்ளியை அழுத்தி, மேலே தெரியும் நட்சத்திரத்தை அழுத்துங்கள். கீழே வரும் அறிவிப்பை அழுத்தினால் கோப்புறை தெரிவுசெய்யலாம். "படிப்பு", "மழை", "வாசிப்பு" என்று மூன்று கோப்புறை தாராளம்.

மழைக் கோப்புறையில் வளிமண்டலவியல் திணைக்களமும் இடர் முகாமைத்துவ நிலையமும் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்தது என்று போன வருசத்துப் படம் குழுக்களில் சுற்றும். கழகப் பேஜில் பகிர முன்னம் அந்தக் கோப்புறையை ஒருக்கா திறவுங்கள். அரச தளமா என்று பார்க்க, முகவரியில் தொடக்கத்து https:// ஐ விட்டு, அதன்பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருப்பதை வாசியுங்கள். அது "டொட் கவ் டொட் எல்கே" (.gov.lk) என்று முடியவேண்டும். பரீட்சைத் திணைக்களம் போல வெறும் "டொட் எல்கே" என்று முடிவதும் உண்டு. அதனால்தான் நட்சத்திரம்.

வாசிப்புக்கு நூலகம் டொட் ஓர்க். ஈழத்துப் பழைய நூல்களும் பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கும். அதே மூன்று புள்ளி மெனுவில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறி, பக்கத்தைப் போனிலேயே சேமித்துவிடும். டேட்டா முடிந்தாலும் திறக்கலாம், ஆனால் சேமித்த நேரத்து நிலைதான் தெரியும். வானிலைக்கு இது உதவாது.

கொமியூனிகேசன் கடைக் கொம்பியூட்டரில் பேஜைத் திறக்க வேண்டி வந்தால் இன்கொக்னிற்றோ யன்னலில் (மூடியதும் உள்நுழைந்ததை மறந்துவிடும் யன்னல்) திறவுங்கள், வேலை முடிந்ததும் அந்த யன்னலை மூடுங்கள். சாதாரண யன்னலில் திறந்துவிட்டு வெளியேற மறந்து வீடு வந்துவிட்டால், போனில் அக்கவுண்ட்ஸ் சென்ரர், பாஸ்வேர்ட் அன்ட் செக்கியூரிற்றி என்று போங்கள். நீங்கள் எங்கெங்கே உள்நுழைந்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கும். அந்தக் கொம்பியூட்டரைத் தெரிவுசெய்து லொக் அவுட் கொடுங்கள். கடைக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை.