ஈரோட்டிலிருந்து ஜெர்மனி மாநாட்டுக்கு: முதல்முறை பேசப் போகிறவர்களுக்கு

பெருந்துறைப் பக்கம் சாயக்கழிவு நீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறேன். அந்தக் கழிவுநீரிலிருந்து உப்பை மீட்டெடுப்பது பற்றிப் பேச இரண்டு முறை ஜெர்மனி போனேன். முதல் முறை படாத பாடு பட்டேன், இரண்டாம் முறை நிம்மதியாகப் போய் வந்தேன். பாஸ்போர்ட் எடுப்பது, கட்டுரைச் சுருக்கம் அனுப்புவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. விசா. ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு வரவேண்டும், ஆனால் 45 நாள் வரை இழுக்க விதியில் இடம் உண்டு. அதனால் அழைப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் இனிஷியலை அவர்கள் ஒரு மாதிரி எழுதுவார்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும்.

2. டிக்கெட். நான் இடறியது இங்கேதான். கோவை–மும்பை தனியாக, மும்பை–பிராங்பர்ட் தனியாக வாங்கினால் ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று வாங்கினேன். கோவையில் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மும்பையில் இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து எடுத்துக்கொண்டு ஓடினால் கவுன்டர் மூடிவிட்டது. இரண்டும் வேறு வேறு பி.என்.ஆர். (முன்பதிவு எண்) என்பதால் முதல் விமானத்துக்காரர்கள் பொறுப்பேற்கவில்லை. இரண்டாவது நிறுவனம் வராத பயணி என்று எழுதிவிட்டது. புது டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது பேச வேண்டிய நாளின் காலை. பெட்டியோடு அரங்கத்துக்குப் போனேன்.

பேசி முடித்ததும் ஒரு பேராசிரியை, “எவாப்பரேட்டருக்குப் போகும் ஆர்.ஓ. ரிஜெக்டில் டி.டி.எஸ். எவ்வளவு?” என்று கேட்டார். அதாவது, வடிகட்டிய பிறகு மிஞ்சி, ஆவியாக்கும் இயந்திரத்துக்குப் போகும் நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று. தினமும் என் கையால் பதிவேட்டில் எழுதுகிற எண் அது. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஆலை ஆட்கள் பல வருஷம் உழைத்த வேலைக்கு என் தூக்கமின்மையால் குறை வந்ததே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆகவே முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். அப்போதுதான் நடுவில் ஒன்று தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. என் விருப்பம் இன்னும் எளிது: இரவு ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை, பகல் முழுக்க சொந்தக்காரர் வீட்டில் ஓய்வு, நள்ளிரவுக்கு மேல் பிராங்பர்ட்டுக்கு நேரடி விமானம். பத்து மணி நேரம்தான், நடுவில் இறங்கி ஓட வேண்டியதில்லை.

3. இரண்டு நாள் முன்னால் போங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. முதல் நாள் மாலை ஆறு மணிக்கே கண் சொருகும். படுக்காதீர்கள், வெளிச்சத்தில் நடங்கள்.

4. ஸ்லைடு. பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து அவர்கள் கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரியலாம். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாய ஆலைகள் மூடப்பட்டதையும், சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றையும் பற்றி முதல் ஸ்லைடிலேயே சொன்னேன். ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் ஏன் சுத்திகரிக்கிறோம் என்று பிறகு யாரும் கேட்கவில்லை. முக்கியமான எண்களை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

5. சாப்பாடு. “அங்க என்ன சாமி திம்ப?” என்று அம்மா நெய்யும் பால்கோவாவும் கட்டித் தந்தார். பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பருப்புப்பொடியும் வறுத்த நிலக்கடலையும் போதும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி பிளக் பற்றிக் கேட்டார். நம் மூன்று முள் லேப்டாப் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள். இரண்டு முள் போன் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் திறந்து எடுக்கச் சொல்வார்கள்.