கூலன்ட் குறைகிறதா? கசிவைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்

பிள்ளையார்பட்டி நெரிசலில், சித்திரை வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு ஊரும்போதுதான் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்த வண்டி சூடேறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பலர் தண்ணீரை ஊற்றிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறார்கள். கூலன்ட் மூடிய குழாய்களுக்குள் சுற்றுவது. அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள்.

படி 1: இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். கூலன்ட் டப்பாவில் இப்போதைய மட்டத்தை மார்க்கர் பேனாவால் குறித்துவையுங்கள்.

படி 2: நம் ஊர்ச் செம்மண் சொட்டுகளை உறிஞ்சிவிடும், தடயமே இருக்காது. அதனால் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து இன்ஜினுக்கு அடியில் விரியுங்கள். பச்சை, பிங்க், ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று இருந்தால் கூலன்ட். ஏசி ஓடியபின் சொட்டும் நிறமில்லாத தண்ணீர் சாதாரணம்தான், பயப்பட வேண்டாம். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்காமல் உடனே கழுவிவிடுங்கள்.

படி 3: ரேடியேட்டர் (சூடான கூலன்ட்டை ஆறவைக்கும் பாகம்), ஹோஸ்கள் (ரப்பர் குழாய்கள்), அவற்றின் கிளிப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இல்லாவிட்டாலும், காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டி நிற்கும்.

படி 4: அடுத்து, கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். பெரும்பாலும் பெல்ட் ஓடும் பக்கத்தில் இருக்கும். பம்பின் உடலில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், கூலன்ட் பேரிங்குக்குள் (பம்பின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பாகம்) போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரட்டும் என்றே வைத்தது. சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாருங்கள். லேசான கறை பரவாயில்லை. சொட்டினாலோ, கோடாக வழிந்திருந்தாலோ பம்ப் போய்விட்டது. துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் வேலையெல்லாம் வேண்டாம், பேரிங் வீணாகிவிடும்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுப் பம்பின் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, ஓடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. சில வண்டிகளில் பம்ப், டைமிங் பெல்ட்டின் (இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பெல்ட்) மூடிக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மூடியின் அடிவிளிம்பில் ஈரம் தெரியும்.

ஒழுகவே இல்லை, ஆனாலும் சூடேறுகிறதா? பம்பின் இறக்கை அரித்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) திறக்காமலும் இருக்கலாம். எடுத்ததும் பம்பைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

படி 5: வெளியே எங்கும் ஈரமில்லை, மட்டம் மட்டும் இறங்குகிறதா? முன்சீட்டுக் காலடிக் கார்பெட் நனைந்து இனிப்பு வாடை வந்தால், ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, இன்ஜின் ஆயில் பாலாடை நிறத்தில் இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டாமல் மெக்கானிக்கை வரச்சொல்லி, பிரஷர் டெஸ்ட் (குழாய்களுக்குள் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

சரி, எதை ஊற்றுவது? கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) என்றால் டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே கலந்தது) என்றால் அப்படியே. காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அருமை, ஆனால் ரேடியேட்டருக்கு எந்த ஊற்றுத் தண்ணீரும் ஆகாது, உப்பு படியும்.

பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால், பம்பை மாற்றும்போதே பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். எப்படியும் அத்தனையையும் கழற்றத்தான் போகிறார்கள், கூலி ஒன்றுதான்.