தரவுத்தளச் சுமையால் ஹோஸ்டிங் முடக்கமா? முதலில் எந்தக் குவெரி என்று கேளுங்கள்

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கென்று நான் நடத்தும் சிறிய இணையதளத்தில் எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளியில் முகாம், எந்தப் பேருந்து ஓடுகிறது என்று மணிக்கொருமுறை எழுதிக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணிக்குக் கடலூர் ஆல்பேட்டையிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். “தம்பி, உங்கள் பக்கம் திறக்கவே இல்லை. பாலத்தில் போகலாமா, கூடாதா?”

திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரையில் ஒரே வரி: இந்தக் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது.

எங்கள் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் மின்னஞ்சலில் காரணம் இருந்தது. எங்கள் தரவுத்தளம் சர்வருக்கு அளவுக்கு மீறிய சுமை தருகிறதாம். தளம் திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. அதில் ஒன்றரை நாள் தேவையில்லாத வேலைகளில் கழிந்தது. அந்த ஒன்றரை நாள் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வேர்ட்பிரஸ் தளம், சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள பகிர்வு ஹோஸ்டிங் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தமிழில் சிறு தளம் நடத்தும் பலரும் அப்படித்தான் இருக்கிறோம்.

ஏன் முடக்குகிறார்கள்?

பகிர்வு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே சர்வரில் பல கணக்குகள் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற ஒரே தரவுத்தள மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். முற்றத்துக் குழாயை ஒரு வீட்டார் திறந்தே வைத்துவிட்டால் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. இதைக் கவனிக்கவே கிளவுட்லினக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்கும் தரவுத்தளத்தை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று அளக்கும் வசதி உண்டு. அளவு மீறினால் முதலில் வேகத்தைக் குறைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கணக்கையே நிறுத்துவார்கள். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தளம் இருக்கிறது.

முதல் படி: மின்னஞ்சலைக் கடைசி வரி வரை படியுங்கள்

முடக்கத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம்: கட்டண பாக்கி, வைரஸ் புகுந்த கோப்பு, கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு, தரவுத்தளச் சுமை. உங்களுடையது எது என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். கணக்கு முழுவதும் முடங்கியிருக்கிறதா, தரவுத்தளம் மட்டுமா என்பதையும் பாருங்கள். முழுவதும் என்றால் உங்கள் டொமைன் பெயரில் உள்ள மின்னஞ்சலும் நின்றிருக்கலாம். அப்போது வேறு முகவரியிலிருந்துதான் எழுத வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்; அடுத்து, வேறு நிறுவனத்துக்கு மாற்ற முயன்றேன். கோளாறுள்ள குவெரி உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் எங்கே போனாலும் அதுவும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வரும். குவெரி என்றால் ஒரு பக்கத்தைக் காட்டுவதற்காக உங்கள் தளம் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி. ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல கேள்விகள் போகும். பெரும்பாலானவை இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஊரை நிறுத்துவது அவற்றில் ஒன்றோ இரண்டோதான்.

இரண்டாம் படி: நிறுவனத்துக்கு எழுதும் உதவி டிக்கெட்டில் கேட்க வேண்டியவை

“என் தளத்தை உடனே திறந்துவிடுங்கள்” என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். மொழி எதுவானாலும் செய்தி இப்படி இருக்கட்டும்:

“சிக்கலைச் சரிசெய்ய விரும்புகிறேன். எந்தத் தரவுத்தளம், எந்தக் குவெரி சுமை தந்தது? அந்த நேரத்து மெதுவான குவெரிப் பதிவேட்டின் பகுதியையும், அதே நேரத்து வருகைப் பதிவேட்டையும் அனுப்புங்கள். தளத்தைப் பொதுமக்களுக்கு மூடியே வைத்து, என் ஐபி முகவரிக்கு மட்டும் சிபேனலையும் பிஎச்பிமைஅட்மினையும் திறந்துவிடுங்கள்.”

கடைசி வரி முக்கியம். ஐபி முகவரி என்பது உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்; பிஎச்பிமைஅட்மின் என்பது தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உதவும் கருவி. உள்ளே போகாமல் எதையும் சரிசெய்ய முடியாது. மின்தடைக்குப் பிறகு வீட்டு ரௌட்டர் மீண்டும் எழும்போது ஐபி முகவரி மாறிவிடலாம். மொபைல் இணைப்பில் அடிக்கடி மாறும். எனக்கு மஞ்சக்குப்பத்தில் மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. மூன்று முறையும் புதிய முகவரியைத் தேடி எழுத வேண்டியிருந்தது.

மூன்றாம் படி: காப்புப் பிரதி

உள்ளே நுழைந்ததும் இதுதான் முதல் வேலை. பிஎச்பிமைஅட்மினில் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். பெரிய தரவுத்தளம் என்றால் அது பாதியில் நின்றுவிடக்கூடும். அப்போது சிபேனலின் பேக்கப் பகுதியிலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இறக்கிய கோப்பைத் திறந்து உங்கள் பதிவு ஒன்றின் தலைப்பைத் தேடிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே தெரிந்தால் நல்லது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் அடைத்த ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால் எழுத்துக் குறியாக்கம் குழம்பியிருக்கிறது. தமிழ் எழுத்தை மூன்று பைட்டுகளாகச் சேமிக்கிறார்கள். அவற்றைத் தனித்தனி எழுத்துகளாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். அந்தப் பிரதியை நம்பி எதையும் அழிக்காதீர்கள். கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் திறந்து மறுபடி பாருங்கள்; அப்போதும் அப்படியே இருந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சரியான பிரதி கேளுங்கள்.

நான்காம் படி: பதிவேட்டைப் படிப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள். மெதுவான குவெரிப் பதிவேட்டில் ஒவ்வொரு குவெரிக்கும் மேலே நான்கு எண்கள் இருக்கும்: எவ்வளவு நேரம் ஓடியது, பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது, எத்தனை வரிகளைத் திருப்பித் தந்தது, அதற்காக எத்தனை வரிகளைப் புரட்டியது. கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வரி தரப் பன்னிரண்டு வரி புரட்டினால் ஆரோக்கியம்.

என் பதிவேட்டில் இருந்தது இது: ஓடிய நேரம் 14 விநாடி, தந்தது 5 வரி, புரட்டியது 2,12,000 வரி.

ஐந்து வரிக்காக இரண்டு லட்சம் வரிகள். குவெரியின் வாலில் ‘ஆர்டர் பை ராண்ட்’, அதாவது குலுக்கி வரிசைப்படுத்து என்று இருந்தது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் “இவற்றையும் படியுங்கள்” என்று படத்தோடு ஐந்து பதிவுகளைக் காட்டும் ஒரு பிளக்இன் (வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) போட்டிருந்தேன். அந்த ஐந்தைக் குலுக்கல் முறையில் எடுக்க, தளத்தின் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரு சீட்டு எண் கொடுத்து, அத்தனையையும் வரிசைப்படுத்தி, மேலே உள்ள ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிறது தரவுத்தளம். ஒவ்வொரு வாசகருக்கும் இதே வேலை புதிதாக நடக்கும். நாளுக்கு நூறு பேர் வந்த காலத்தில் இது கண்ணில் படவில்லை. வெள்ளத்தன்று பட்டது.

இதோடு முடியவில்லை. அடுத்தடுத்த குவெரிகளில் பூட்டுக்குக் காத்திருந்த நேரம் 9 விநாடி, 11 விநாடி என்று ஏறிக்கொண்டே போனது. பிஎச்பிமைஅட்மினில் தரவுத்தளத்தின் டேபிள்கள் (தகவல்களை அடுக்கி வைக்கும் அட்டவணைகள்) வரிசையாகத் தெரியும் பக்கத்தில் ‘டைப்’ என்றொரு பத்தி இருக்கும். அதில் என் டேபிள்கள் மைஐஸாம் என்று காட்டின. தானே புயலுக்குப் பிறகு, 2012இல் தொடங்கிய தளம் அது. அன்றைய சர்வரில் அந்த வகையே வழக்கமாக இருந்தது. மைஎஸ்க்யூஎல் 5.5 முதல் இன்னோடிபிதான் இயல்பான வகை. ஆனால் பழைய டேபிள்கள் தாமாக மாறுவதில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மைஐஸாம் என்பது அலுவலகத்தில் உள்ள ஒரே பேரேடு மாதிரி. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவரும் சேர்ந்து படிக்கலாம். ஆனால் ஒருவர் எழுத வந்தால், படிப்பவர் முடிக்கும் வரை அவர் நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் படிக்க வந்தவர்களும் அவர் எழுதி முடிக்கும் வரை நிற்க வேண்டும். எங்கள் தளத்தில் “இதுவரை படித்தவர்கள்” என்று எண்ணிக்கை காட்டும் இன்னொரு பிளக்இன் இருந்தது. ஒவ்வொரு வருகைக்கும் அது, பதிவுகளின் கூடுதல் விவரங்கள் இருக்கும் போஸ்ட்மெட்டா டேபிளில் எழுதும். குலுக்கல் பிளக்இன் படத்தைத் தேடிப் படிப்பதும் அதே டேபிளைத்தான். 14 விநாடி படிப்பவர், அவருக்குப் பின்னால் எழுதக் காத்திருப்பவர், அவருக்குப் பின்னால் பாலத்தில் போகலாமா என்று தெரிந்துகொள்ள வந்த நூறு பேர். இணைப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டது, கணக்கு நின்றது. இன்னோடிபியாக இருந்திருந்தால் எழுதுபவர் தனக்கு வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் பூட்டியிருப்பார்.

உங்கள் பதிவேட்டில் வேறு குவெரி இருக்கலாம். ‘செலக்ட்’ என்று தொடங்கும் குவெரியைப் பிஎச்பிமைஅட்மினின் எஸ்க்யூஎல் பகுதியில் ஒரே ஒருமுறை ஓடவிட்டு, கீழே வரும் எக்ஸ்ப்ளெயின் இணைப்பை அழுத்துங்கள். ‘கீ’ பத்தியில் ‘நல்’ (வெறுமை) என்றும், ‘டைப்’ பத்தியில் ‘ஆல்’ என்றும் இருந்தால், இண்டெக்ஸ் இல்லாமல் டேபிள் முழுவதையும் புரட்டுகிறது என்று பொருள். இண்டெக்ஸ் என்பது தடித்த புத்தகத்தின் பின்பக்கத்துச் சொல்லடைவு. அது இருந்தால் நேராகப் பக்கத்துக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: சரிசெய்தல்

குற்றவாளிப் பிளக்இன்னை நிறுத்துங்கள். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கம் திறக்காவிட்டால் சிபேனலின் ஃபைல் மேனேஜரில் பிளக்இன்கள் உள்ள கோப்புறைக்குப் போய், அந்தப் பிளக்இன்னின் கோப்புறைப் பெயரை மாற்றினாலே போதும். வேர்ட்பிரஸால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, அது செயலிழந்துவிடும்.

மைஐஸாம் டேபிள்கள் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து, ஆபரேஷன்ஸ் பகுதியில் ஸ்டோரேஜ் எஞ்சின் என்ற இடத்தில் இன்னோடிபியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய டேபிளுக்குச் சில நிமிடம் ஆகும். இடையில் ஜன்னலை மூடாதீர்கள்.

தளத்தின் அமைப்புகளைச் சேமிக்கும் ஆப்ஷன்ஸ் டேபிளையும் பாருங்கள். அதில் ‘ஆட்டோலோடு’ என்று குறிக்கப்பட்டவை எல்லாம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்றப்படுபவை. எப்போதோ நீக்கிய பிளக்இன்கள் விட்டுப்போன சுமை அங்கே கிடக்கும். வேர்ட்பிரஸ் 6.6 முதல், இந்தச் சுமை 800 கிலோபைட்டைத் தாண்டினால் கருவிகள் பட்டியலில் உள்ள சைட் ஹெல்த் பக்கம் எச்சரிக்கிறது. பெயர் தெரியாத எதையும் அழிக்காதீர்கள். எந்தப் பிளக்இன்னுடையது என்று உறுதியான பிறகே கைவையுங்கள்.

அடுத்து வருகைப் பதிவேடு. உள்நுழைவுப் பக்கத்தையும், வெளி நிரல்கள் வேர்ட்பிரஸோடு பேசும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்பையும் ஒரே முகவரி நூற்றுக்கணக்கான முறை தட்டியிருந்தால், அது மனிதர் இல்லை, பாட் என்ற தானியங்கி நிரல். அந்த முகவரியைச் சிபேனலின் ஐபி பிளாக்கரில் தடுத்துவிடுங்கள். தமிழ்த் தலைப்புகள் அங்கே சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டு தெரியும். அது தாக்குதல் இல்லை. நம் எழுத்துகள் இணைய முகவரியில் அப்படித்தான் பதிவாகும்.

கேஷ் பிளக்இன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒருமுறை உருவான பக்கத்தைக் கோப்பாக வைத்துக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்குத் தரவுத்தளத்தைத் தொடாமலே அது தந்துவிடும். ஆனால் குவெரியைச் சரிசெய்த பிறகே இதைப் போடுங்கள். தேடல் பக்கங்களும், உள்நுழைந்தவர்கள் பார்க்கும் பக்கங்களும் பெரும்பாலும் கேஷுக்கு வெளியே இருப்பவை. கோளாறு அங்கே உயிரோடு இருக்கும்.

ஆறாம் படி: திறக்கச் சொல்லுங்கள்

என்ன கண்டீர்கள், எந்தப் பிளக்இன்னை நீக்கினீர்கள், எந்த டேபிள்களை மாற்றினீர்கள் என்று நான்கு வரியில் எழுதுங்கள். தளத்தைத் திறந்து 24 மணி நேரம் கவனித்துப் பார்க்கும்படி கேளுங்கள். எனக்கு இந்தக் கடிதம் போன ஒரு மணி நேரத்தில் தளம் திறந்தது. பிறகு குவெரி மானிட்டர் என்ற இலவசப் பிளக்இன்னைப் போட்டு, எந்தப் பிளக்இன் எத்தனை குவெரி அனுப்புகிறது என்று நீங்களே பாருங்கள்.

எத்தனை முறை கேட்டும் பதிவேட்டைக் காட்ட மறுக்கும் நிறுவனத்தில் இருக்க வேண்டாம். காப்புப் பிரதியோடு கிளம்புங்கள். எல்லாம் சரிசெய்தும் வாசகர் கூட்டமே வரம்பைத் தாண்டுகிறது என்றால் விபிஎஸ் (உங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) பற்றி யோசிக்கலாம். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையது.

மழைக்கு முன்

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் தளங்களைத் தேடி வருபவர்களுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. செப்டம்பரிலேயே தரவுத்தளம் தேவைப்படாத, வெறும் எச்டிஎம்எல்லில் எழுதிய ஒரே ஒரு பக்கத்தைக் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் வைத்துவிடுங்கள். டொமைனை ஹோஸ்டிங் நிறுவனத்திடமே வாங்காமல் வேறிடத்தில் பதிவு செய்திருந்தால், கணக்கு முடங்கினாலும் முகவரியை அந்தப் பக்கத்துக்குத் திருப்ப முடியும். நான் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன். மூடிய சாலைகள், முகாம்கள், பேருந்துகள் என்று மூன்றே தலைப்புகள். கைபேசியிலிருந்தே திருத்த முடிகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு, அந்த இணைப்பை ஆல்பேட்டை அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன்.