உடைஞ்ச கட்சியோட கதைய எப்படி படிக்கணும்? இத்தாலிய வச்சு சொல்லுதேன்

பாளையங்கோட்டைல எங்க கூட உக்காந்து பரீட்சைக்கு படிக்கிற பயலுவ இத்தாலின்னாலே பக்கத்த தள்ளிட்டு போயிருதானுவ, அவ்ளோ கட்சி, அவ்ளோ உடைசல். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம் மக்கா, ஒரே ஒரு கட்சிய பொறந்ததுல இருந்து முடிஞ்சது வரைக்கும் படிங்க. ஆர்ட்டிகோலோ ஊனோன்னு ஒண்ணு இருக்கு, 2017ல பொறந்து 2023ல முடிஞ்சது, அத எடுத்துக்கிடுங்க.

மொதல்ல நோட்டுல ஒரு ஆறு வரைங்க. தாமிரபரணில இருந்து பாளையங்கால் பிரியுதுல்லா, அந்த மாதிரி. பெரிய ஆறு 2007ல உருவான ஜனநாயகக் கட்சி, கால் பிரியுற எடத்துல 2017 பிப்ரவரி 25னு போடுங்க. கட்சியோட பழைய தலைவர் பெர்சானி, முன்னாள் பிரதமர் டலேமா, பெறவு சுகாதார அமைச்சரான ஸ்பெரான்சா எல்லாம் இந்த கால்ல போனவங்க.

ஆனா ஆள் பேர எழுதிட்டு நிறுத்திராதீங்க, ஏன் போனாங்கன்னு எழுதுங்க, அதான் முக்கியம். ஜனநாயகக் கட்சி தலைவர் ரென்சி பிரதமரா இருந்தப்ப ஜாப்ஸ் ஆக்ட்டுன்னு ஒரு சட்டம் கொண்டுவந்து புதுசா வேலைக்கு சேருறவங்கள நீக்குறத லேசாக்கிட்டாரு, இடதுசாரி ஆளுங்களுக்கு அது ஆறல, அப்புறம் 2016 டிசம்பர் 4ல அரசியலமைப்ப மாத்த நடத்துன வாக்கெடுப்புலயும் தோத்து பிரதமர் பதவிய விட்டாரு, கட்சிய மட்டும் விடல. கட்சி பேர பாருங்க, ஆர்ட்டிகோலோ ஊனோன்னா இத்தாலி அரசியலமைப்போட ஒண்ணாவது பிரிவு. இத்தாலி உழைப்ப அடித்தளமா கொண்ட ஜனநாயகக் குடியரசுன்னு சொல்லுத பிரிவு அது. மனக்குறை பேர்லயே எழுதியிருக்கு.

அடுத்து தேர்தல் சட்டம், இத விட்டா ஒண்ணும் புரியாது. 2018 மார்ச்சுல 3 சதவீதம் வாங்குனாதான் விகிதாச்சார சீட்டு, அதாவது ஓட்டு சதவீதத்துக்கு ஏத்தாப்புல பிரிச்சு குடுக்குற சீட்டு. அதனால வேற ரெண்டு இடதுசாரி கட்சியோட சேந்து லிபெரி எ உகுவாலின்னு ஒரு பட்டியலா நின்னாங்க, செனட் தலைவரா இருந்த பியெத்ரோ கிராசோதான் தலைமை. கீழவைல 3.4 சதவீதம், 14 சீட்டு. 3க்கு பக்கத்துல 3.4ன்னு எழுதி வச்சுப் பாருங்க, எவ்ளோ நூல் எழைல தாண்டியிருக்காங்கன்னு தெரியும்.

3 சதவீத கட்சி என்னத்த கிழிச்சுதுன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வந்துரும். கொரோனா வந்து இத்தாலி மொத்தமும் அடைபட்டு கெடந்தப்ப சுகாதார அமைச்சர் இந்த ஸ்பெரான்சாதான், 2019 செப்டம்பர்ல இருந்து 2022 அக்டோபர் வரைக்கும். ஓட்டுக்கணக்கு பக்கத்துல பதவிக்கணக்கும் எழுதுங்க.

2022 தேர்தல்ல பழைய கட்சி பட்டியல்லயே நின்னு, எல்லி ஷ்லைன் அந்த பழைய கட்சி தலைமைக்கு வந்த பெறவு 2023 ஜூன்ல அதுலயே கலந்துட்டாங்க. நோட்டுல பிரிஞ்ச கால்வாய திரும்ப ஆத்துல கொண்டு சேத்துருங்க.

முடிச்சதும் அதே ஜனநாயகக் கட்சில இருந்து பிரிஞ்ச ருத்தெல்லியோட அல்லியான்சா பெர் லித்தாலியா கட்சிய நீங்களே போட்டு பாருங்க. 2009ல பெர்சானி தலைவரானதும் கட்சி ரொம்ப இடது பக்கம் போகுதுன்னு கெளம்புனவரு அவரு. அதே பெர்சானி 2017ல இடது பக்கமா வெளிய போனாரு, அதனால ருத்தெல்லிய எதிர்க்கரைல வரைங்க.