பூட்டியின் வெள்ளைச் சேலை

எங்கள் அம்மம்மாவின் தாயாருக்கு ஒரே ஒரு ஸ்டூடியோப் படம்தான் உண்டு. வெள்ளைச் சேலை, லேஸ் வைத்த முழுக்கைச் சட்டை, கழுத்தில் அட்டிகை. "இளவயதிலேயே தாலி அறுத்தவ" என்று கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் எல்லாரும் சொல்லித் திரிந்தோம். கைம்பெண்ணுக்கு ஏன் அட்டிகை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிறகொரு நாள் பெட்டகத்தின் அடியில் அந்தச் சேலையே கிடைத்தது, அதே கரையோடு. இளநீலம்!

பழைய படங்களைப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். அக்காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாகக் கேமராவில் வைத்த கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே நன்றாகப் பிடித்தன, சிவப்பை அறவே பிடிக்கவில்லை. அதனால் இளநீலம் வெளுத்துவிடும். கூறைச்சேலையின் சிவப்பு கறுப்பாகிவிடும். குங்குமப் பொட்டும் கரும்புள்ளிதான். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் உடனே மாறிவிடவில்லை. சரி, நிறம் தீட்டிய படத்தை நம்பலாமா? அதுவும் வேண்டாம். தீட்டியவர் சேலையைப் பார்த்தே இருக்கமாட்டார்.

பின்னால் தெரியும் தூணும் மாடிப்படியும் கொழும்பில் பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்து வீடு என்று சொல்லாதீர்கள். அநேகமாக அது திரைச்சீலை. கதிரையும் கையிலுள்ள புத்தகமும் ஸ்டூடியோவுடையவையாக இருக்கலாம். நகை மட்டும் பெரும்பாலும் சொந்தம். ஆனால் ஒரே பதக்கத்தை அக்காவும் தங்கையும் மாறி மாறிப் போட்டிருப்பார்கள். ஆகவே நகையை வைத்து ஆளைத் தீர்மானிக்காதீர்கள்.

படம் ஒட்டிய அட்டையில் இருக்கும் ஸ்டூடியோப் பெயரை மட்டும் வைத்து ஆண்டு போடுவதும் பிழை. பிளாட்டே ஸ்டூடியோ 1890இல் கொழும்பில் தொடங்கியது. பல தலைமுறைகளுக்குப் படம் எடுத்திருக்கிறது. பின்பக்கத்தில் முதலியாரின் (இலங்கையில் அது அரசு கொடுத்த பதவிப் பெயர்) மனைவி என்று மட்டும் எழுதியிருந்தால், முதல் தாரமா இரண்டாம் தாரமா என்பதையும் விசாரியுங்கள்.

அப்புறம், கரும்பகுதிகளில் மினுங்கும் நீலவெள்ளிப் பூச்சைப் பூஞ்சணம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அது படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து படிந்தது. ஈரம் பட்டால் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு ஊதி, முகமே துணியோடு வந்துவிடும். கடற்காற்று ஈரத்தில் படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே வேண்டாம். கண்ணாடியோடேயே, சரிந்து விழும் வெளிச்சத்தில், கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.