தையில் பூட்டும் கம்ப்யூட்டருக்குச் சித்திரைக் கணக்கு

திருவாரூர் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு தம்பிக்கு, பொங்கல் முடிந்த கையோடு கம்ப்யூட்டர் ஒன்று அசெம்பிள் செய்து கொடுத்தேன். மன்னார்குடியில் என் வீட்டு முன்னறையில் வைத்து அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் 78 டிகிரியில் நின்றது. நல்லபடியாக இருக்கிறதென்று கொடுத்தனுப்பினேன்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் போன் வந்தது. "அக்கா, மத்தியானம் ஆனா ஃபேன் இரையுது, ரெண்டு மணி நேரத்துல முடியற ரெண்டரிங் நாலு மணி நேரம் இழுக்குது." போய்ப் பார்த்தால் 100 டிகிரி. தன்னைக் காத்துக்கொள்ள பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான். நான் ஓட்டிப் பார்த்த அன்று என் அறையில் 26 டிகிரி. அவர் ஸ்டூடியோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை, அன்று மதியம் 41. அந்த 15 டிகிரி அப்படியே பிராசசர் தலையில் ஏறியது. 78 உடன் 15 சேர்த்தால் 93. மீதியைச் சுற்றுவட்ட வயல்களில் அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசு பார்த்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சோதிக்கும்போது சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்து அறை வெப்பத்தையும் எழுதுவேன். பிராசசர் காட்டுவதிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த ஏற்றம். அதோடு 42ஐக் கூட்டுங்கள். நம் பக்கத்துச் சித்திரை மதியத்துக்கு அது நியாயமான கணக்கு. வரும் தொகை பிராசசரின் உச்ச வரம்புக்குப் பத்து டிகிரியாவது கீழே இருக்க வேண்டும். 12 முதல் 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 100. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600க்கு 90. ரைசன் 7000 வரிசையில் பலவும் 95 வரை ஏறி வேலை செய்யும்படியே வடிவமைக்கப்பட்டவை. அங்கே இந்தக் கழித்தல் உதவாது, வேகம் எவ்வளவில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, ஏற்றத்தைக் குறைப்பது எப்படி? என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு, பிராசசரும் அதன்மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலரும் தொடும் அந்த ஒரு இடத்தில்தான். நாச்சியார்கோவில் குத்துவிளக்குபோலப் பளபளத்தாலும் இரண்டு உலோகப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டு. இடையில் சிக்கும் காற்றைவிடச் செம்பு பத்தாயிரம் மடங்குக்கு மேல் நன்றாக வெப்பம் கடத்தும். காற்றை வெளியேற்றத்தான் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை. நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் சிப் நீளவாக்கில் இருப்பதால் நெடுக ஒரு கோடு இழுக்கலாம். விரலால் தடவ வேண்டாம், கூலர் அழுத்தும்போது தானே பரவும். ஒருமுறை வைத்த கூலரைத் தூக்கிவிட்டால் இரு பக்கமும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். சிப்போடு வரும் கூலரின் அடியில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஏற்கெனவே இருக்கும். அதன்மேல் இன்னும் அப்ப வேண்டாம். தனியாக வாங்கிய கூலரென்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இன்டெல் கூலரின் நான்கு அழுத்தூசிகளிடம் பொறுமை வேண்டும். எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். 'டக்' சத்தம் மட்டும் போதாது. பிராசசர் உட்காரும் மதர்போர்டு என்னும் பலகையைத் திருப்பி, நான்கு கால்களும் மறுபக்கம் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இதற்காகவே மதர்போர்டு கேபினட்டுக்குள் போகும் முன்பே, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துக் கூலரை மாட்டுகிறேன். என் முதல் கம்ப்யூட்டரில் ஒரு கால் பிடிக்காமல் போனது எனக்குத் தெரியவில்லை. விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்னும் அமைப்புத் திரையில் சும்மா நிற்கும்போதே வெப்பம் ஏறிக்கொண்டே போனது. அப்படி நிற்காமல் ஏறி 80ஐத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள். கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஃபேன் ஒயர் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் மாட்டப்படவில்லை. "டிஸ்பிளே வருதான்னு ஒரு நிமிஷம் பார்ப்போமே" என்று கூலரே இல்லாமல் ஆன் செய்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வரம்பைத் தொடச் சில விநாடி போதும்.

பயாசில் வெப்பம் நிலையாக நின்றால் விண்டோசில் வெப்பத்தைக் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்துவைத்து, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியைப் பூட்டி அரைமணி. மூடியைத் திறந்துவைத்து எடுக்கும் அளவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, வாங்குகிறவர் மூடித்தானே வைக்கப்போகிறார். முன்ஃபேன் காற்றை இழுக்க வேண்டும், பின்ஃபேன் தள்ள வேண்டும். ஒரு டிஷ்யூ தாளைக் காட்டினால் திசை தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கணக்கு உதைத்தால் பயாசில் மின் வரம்பைப் பாருங்கள். இன்டெல் ஐ5-12400 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட், ஆனால் 117 வரை இழுக்கும். நீண்டநேர வரம்பை 65இல் நிறுத்தினால் வேகம் கொஞ்சம் குறையும், வெப்பம் நன்றாக இறங்கும்.

தூசு தட்டுவதைக் குறுவை அறுவடைக்குப் பிறகு ஒருமுறை, சம்பா, தாளடி முடிந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

அந்தத் தம்பியின் கம்ப்யூட்டரில் தூசைத் தட்டி, நான்கு செப்புக் குழாயும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் மாட்டினேன். சுவரோடு ஒட்டியிருந்த கேபினட்டை ஒரு சாண் முன்னால் நகர்த்தினேன். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வந்த வாரத்தில் ஒரு மதியம் போய் அளந்தேன். அறை 41, பிராசசர் 82. கழித்தால் 41. தையில் இதே கழித்தலைச் செய்திருந்தால் 52 வந்திருக்கும், 42ஐக் கூட்டினால் 94, அதை அன்றைக்கே கொடுத்தனுப்பியிருக்க மாட்டேன்.